வீட்டுக்கு ஓர் ஆள்

பேனாவ மூடி வைங்க அண்ணாச்சி. மொதல்ல முழுசாக் கேளுங்க, பொறவு எழுதுங்க. இந்தக் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நீங்க எத்தனையோ மனு எழுதியிருப்பிய. பட்டா மாறுதல், முதியோர் பென்சன், பாதைத் தகராறுன்னு. எம் மனு அந்த ரகம் இல்ல. எடுத்த எடுப்புல அனுப்புநர் பெறுநர்னு ஆரம்பிச்சியன்னா பாதியில மாட்டிக்கிடுவிய.

என்னது? சத்தமாப் பேசுதேனா? வரிசையில நிக்கவங்க திரும்பிப் பாக்காவளா? பாக்கட்டும். முப்பது வருசமா மைக்செட் கடை வச்சிருக்கேன் அண்ணாச்சி. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டினவன். எனக்குக் குசுகுசுன்னு பேச வராது. மடியில கனம் இருக்கவன்தான் மெதுவாப் பேசணும். நான் எதுக்குப் பேசணும்?

பேரு சங்கரலிங்கம். ஊரு வெள்ளாங்கரை, பேரூராட்சி. ஆறாவது வார்டு கவுன்சிலர் நான்தான்னு வச்சுக்கிடுங்க. எழுத்துல மட்டும் உலகம்மாள்னு இருக்கும். அது என் வீட்டுக்காரி. பத்து வருசமா நிக்கணும் நிக்கணும்னு காத்துக் கெடந்தேன். எலக்சன் வாரதுக்கு மூணு மாசம் முன்னால, வார்டு பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாவ. நான் என்ன செய்ய? அவளை நிப்பாட்டினேன். சுயேச்சை. போஸ்டர்ல அவ படம் தபால்தலை அளவுக்கு, என் படம் மைக்கோட பெருசா. நூத்திப்பதினாலு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சேன்.

அவதான ஜெயிச்சான்னு கேக்கியளா? நல்லாக் கேட்டிய போங்க. ஒன்பதாங்கிளாஸ் அண்ணாச்சி அவ. சத்தியப் பிரமாணம் எடுக்கும்போது பேப்பரு கை நழுவிக் கீழ விழுந்து, தலைவரு எடுத்துக் கொடுத்தாரு. அன்னைக்கு ராத்திரி, "இதெல்லாம் எனக்கு எதுக்குங்க?"ன்னு அழுதா. நான் சொன்னேன், "நீ கையெழுத்து மட்டும் போடு தாயி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்"ன்னு. அவளும் சரின்னா. அந்தப் பேச்சுதான் இப்ப மாறிப் போச்சு.

சரி, விசயத்துக்கு வாரேன். எங்க வார்டுல பெரிய தெரு ஒண்ணு, வடக்குத் தெரு. அறுபத்தோரு வீடு. எல்லாச் சாதியும் உண்டு, பாய்மாரு வீடு நாலு உண்டு. நாங்க ஜெயிச்ச வருசம் ஐப்பசி மழையில தெருவுக்குள்ள தண்ணி வந்துட்டு. முழங்கால் அளவு. நான் மாடியில நின்னு பாக்கேன். எவன் என்ன செஞ்சான் தெரியுமா? அவனவன் வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு, அவனவன் வாசல் தண்ணிய அடுத்தவன் வாசலுக்குத் தள்ளுதான். அடுத்தவன் அதை அதுக்கு அடுத்தவன் வாசலுக்குத் தள்ளுதான். அந்தக் கடைசியில தள்ளின தண்ணி சுத்திக்கிட்டு இந்தக் கடைசிக்கு வருது. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் இதே வேலை. ஒருத்தன் முகத்த ஒருத்தன் பாக்கல. எனக்கு அழுகை வந்துட்டு அண்ணாச்சி. உள்ளபடியே சொல்லுதேன், கண்ணுல தண்ணி வந்துட்டு.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். இந்தத் தெருவ ஒண்ணாக்காம விட மாட்டேன்னு. திட்டத்துக்கு நானே பேரு வச்சேன், 'வீட்டுக்கு ஓர் ஆள்'. மாசத்துல மொதல் ஞாயிறு காலையில ஆறு மணிக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வெளியே வரணும். ஆம்பளையோ பொம்பளையோ, கையில மம்பட்டியோ வெளக்குமாறோ. எட்டு மணி வரைக்கும் எல்லாரும் சேந்து தெருவக் கூட்டணும், சாக்கடை வாருகால் மண்ண அள்ளணும். பேரூராட்சியில துப்புரவுக்கு நாலே பேரு. அவுகள நம்பி இருந்தா விடியுமா?

மொத மாசம் முப்பத்தெட்டு வீடு வந்துச்சு. ரெண்டாவது மாசம் நாப்பத்தஞ்சு. மூணாவது மாசம் அம்பது. உலகம்மா பெரிய போணி நெறைய சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து ஊத்துவா. பத்து வருசமாப் பேசாத ரெண்டு சகலை ஒரே கூடையில மண்ணத் தூக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேன். நாலாவது மாசம் முப்பத்தொம்பதுக்கு எறங்கிட்டு. சும்மா விட்டா ஒண்ணுமில்லாமப் போயிரும்னு, அப்பதான் மைக்கை எடுத்தேன்.

முக்கு டீக்கடை மாடியில குழாய் கட்டினேன். ஏழு மணிக்கு நோட்டை எடுத்து, வராத வீட்டை நம்பரோட வாசிப்பேன். "பன்னெண்டாம் நம்பர் வீடு, ஆள் வரவில்லை. முப்பத்தி மூணாம் நம்பர் வீடு, ஆள் வரவில்லை." சும்மா வாசிச்சா கேக்க ஆளு இருக்காதுல்லா, நடுவுல ஒரு நக்கல் வைப்பேன். "ஆறாம் நம்பர் வீட்டு மாப்பிள்ளை இன்னும் போர்வைக்குள்ள இருக்காரு, பால்பாயசம் கொடுத்தாத்தான் எந்திரிப்பாரு போல." தெருவே சிரிக்கும். அடுத்த மாசம் அம்பத்தி நாலு வீடு வந்துச்சு அண்ணாச்சி! சொல்லுங்க, இதுல தப்பு என்ன இருக்கு? ஒற்றுமை தானா வருமா? இழுத்துக் கொண்டாரணும்.

நான் மம்பட்டி எடுத்தேனாவா? என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுப்புட்டிய. நான் மம்பட்டி எடுத்தா மைக்கை யாரு பிடிப்பா? ஒரு ஆளு மேல நின்னு பாத்தாத்தான கீழ வேலை நடக்கும்.

எங்க வீட்டுக் கணக்குல நான் வந்திருக்கேன்லா. அது போதும்.

இப்படியே ஒண்ணரை வருசம் ஓடுச்சு. இதுக்கு நடுவுல உலகம்மா ஒரு வேலை ஆரம்பிச்சா. தெருப் பொம்பளைக பின்வாசல் வழியா அவகிட்ட வருவாவ. பென்சன் நின்னு போச்சு, ரேசன் கார்டுல பேரு விட்டுப் போச்சு, குழாயில தண்ணி வரல, புருசன் குடிச்சிட்டு அடிக்கான். இவ அடுப்பங்கரையில உக்கார வச்சுக் கேப்பா. மறுநாள் கூட்டிக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போவா. எல்லாம் சில்லறைக் காரியம். நானும் பொழுது போகட்டும்னு விட்டுட்டேன். பெரிய காரியமெல்லாம் நான்தான் பாத்தேன். வீட்டுக்கு வார மனுவெல்லாம் நான்தான் படிப்பேன், பதிலும் நான்தான் எழுதுவேன். அவ கீழ ஒரு கையெழுத்து.

மன்றக் கூட்டத்துக்கும் அப்படித்தான். மொதல்ல நானும் உள்ள போயி பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருந்தேன். புதுசா வந்த செயல் அலுவலர் ரொம்பச் சட்டம் பேசுத ஆளு. "கவுன்சிலர் மட்டும்தான் உள்ள இருக்கலாம்"னுட்டாரு. சரின்னு நான் வராந்தாவுல, அவ நாற்காலிக்கு நேரா இருக்க சன்னல்கிட்ட நிப்பேன். பேச வேண்டியதத் துண்டுச்சீட்டுல எழுதி உள்ள நீட்டுவேன். அவ அப்படியே வாசிப்பா. மத்த கவுன்சிலருக சிரிப்பானுவ. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். எங்க வார்டுக்குத்தான் ரெண்டு ஆளு வேலை பாக்காவன்னு நெனைச்சுக்கிடுவேன்.

இனிமேதான் துரோகம் வருது. கேளுங்க.

போன ஜூன் மாசம் மொத ஞாயிறு. அம்பத்தி மூணு வீடு வந்துட்டு. எட்டு வீடு பாக்கி. ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டே வாரேன். இருபத்தி ஆறாம் நம்பர். அது ஆவுடையப்பன் வீடு. பஸ் கம்பெனியில டிக்கெட் கொடுத்து ரிட்டயர்டு ஆன மனுசன், மூட்டு வலி. அவரு சம்சாரத்துக்கு ஆஸ்துமா. அதெல்லாம் எனக்குத் தெரியும், மனசாட்சி இல்லாதவன் இல்ல நான். ஆனா அந்த வீட்டுல இன்னொரு ஆளு இருக்கே. நான் மைக்குல சொன்னது இவ்வளவுதான். "இருபத்தி ஆறாம் நம்பர் வீடு, ஆள் வரவில்லை. பெரியவங்களுக்கு முடியலன்னா பரவாயில்லை. கட்டிக்கொடுத்த பொண்ணு செண்பகம் வந்து ரெண்டு மாசமா அங்கதான இருக்கு, அதையாவது அனுப்பலாமே."

இவ்வளவுதான் அண்ணாச்சி. ஒரு வார்த்தை கூடுதலா சொல்லல, குறைச்சலா சொல்லல. ஆளு இருக்கு, அனுப்புங்கன்னேன்.

தெருவுல ஒரு சத்தம் இல்ல. வெளக்குமாறு எல்லாம் அப்படியே நின்னுட்டு. கரண்டு போயிட்டோன்னு நெனைச்சு மைக்கத் தட்டிப் பாத்தேன். மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பொறவுதான் தெரிஞ்சுது, அந்தப் புள்ள புருசன் வீட்டுல அடி வாங்கிட்டு ஒரேயடியா வந்துட்டாம். ஆடிக்குச் சீர் கொடுக்கக் கூட்டிட்டு வந்திருக்கோம், பேறுகாலம் பாக்க வந்திருக்குன்னு என்னத்தையாவது சொல்லலாம்னு ஆவுடையப்பன் வீட்டுல யாருக்கும் தெரியாம உள்ளயே வச்சிருந்தாவளாம். பகல்ல வெளிய வராதாம்.

அப்ப அது அங்க இருக்கது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கியளா? நான் பாத்தேன்லா. பொழுது அடைஞ்ச கருக்கல்ல எங்க வீட்டுப் பின்வாசல் வழியாத்தான வரும். எங்க அடுப்பங்கரையில உக்காந்து உலகம்மாகிட்ட அழுதுக்கிட்டு இருக்கும். நான் உள்ள போனா ரெண்டும் பேச்ச நிறுத்திரும். எத்தனை நாள் பாத்திருக்கேன். என்ன ஏதுன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. பொம்பளைக சமாச்சாரம். ஆனா வீட்டுல ஆளு இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும்லா?

அன்னைக்கு வீட்டுக்குப் போனா உலகம்மா அடுப்பு பத்த வைக்கல. சுவரப் பாத்து உக்காந்திருக்கா. "ஏளா, என்ன?"ங்கேன். ஒண்ணே ஒண்ணு சொன்னா. "எங்கிட்ட நம்பிச் சொன்னதக் கொண்டு போயி நீங்க குழாயில கட்டிட்டிய." அவ்வளவுதான். பொறவு எந்திரிச்சு, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, ஆவுடையப்பன் வீட்டுக்குப் போயிட்டா. மத்தியானம் வரைக்கும் வரல. எனக்கு அன்னைக்குப் பழைய சோறுதான்.

நான் போயி மன்னிப்புக் கேக்கணுமாம். மீரான் பாய் வந்து சொன்னாரு. தையக்கடை வச்சிருக்காரு, நல்ல மனுசன். "அந்தப் புள்ள தலைய வெளிய காட்ட முடியாமக் கெடக்கு, ஒரு வார்த்தை போய்ச் சொல்லிட்டு வாங்க மச்சான்"னாரு. நான் கேட்டேன், "ஆளு அனுப்பாதது அவுக தப்பு, மன்னிப்பு நான் கேக்கணுமா?"ன்னு. நியாயம்தான அண்ணாச்சி? இன்னைக்கு ஒரு வீட்டுக்கு விட்டுக் கொடுத்தா நாளைக்கு அறுபத்தோரு வீடும் சாக்குச் சொல்லும்.

அந்த மாசக் கடைசியில மன்றக் கூட்டம். நான் வழக்கம்போல சன்னல்கிட்ட நிக்கேன். குழாய் சத்தம் தெருக் கடைசிக்கு எட்டல, அதனால பேரூராட்சி செலவுல இன்னும் ரெண்டு குழாய் வேணும்னு எழுதிச் சீட்டை நீட்டினேன். வாங்கினா. படிச்சா. நாலா மடிச்சு, கைப்பைக்குள்ள வச்சு, ஜிப்பை இழுத்து மூடிட்டா. பொறவு எந்திரிச்சா. எந்திரிச்சான்னா, தானா எந்திரிச்சா அண்ணாச்சி. ரெண்டு வருசத்துல நான் சொல்லாம அவ எந்திரிச்சதே இல்ல.

"தலைவர் அவர்களே, எங்க வார்டுல வேலைக்கு வராதவங்க பேரை ஒலிபெருக்கியில வாசிக்கிற வழக்கம் இருக்கு. அது நிக்கணும். அதுக்கு நான் தீர்மானம் கொண்டுவாரேன்." சீட்டு இல்ல, ஒண்ணு இல்ல. என்னைத் திரும்பிப் பாக்கவும் இல்ல. பதினஞ்சு கவுன்சிலரும் கையத் தூக்கிட்டான். எந்தக் கட்சிக்காரனும் எந்தக் கட்சிக்காரனோடயும் சேர மாட்டான் எங்கூர்ல. இதுல மட்டும் சேந்துட்டான். செயல் அலுவலர் என்னைப் பாத்துக்கிட்டே எழுதினாரு. நான் சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.

கட்டின பொண்டாட்டி! நான் நிப்பாட்டி, நான் போஸ்டர் அடிச்சு, நான் ஜெயிக்க வச்ச பொண்டாட்டி! எதுக்க நின்னு தோத்தவகூட எனக்கு இப்படிச் செய்யல.

நான் விடுவேனா? தீர்மானம் பேரூராட்சிக்கு. மைக்கு என் சொந்த மைக்கு. ஜூலை மொத ஞாயிறு விடியக்காலையிலயே எந்திரிச்சேன். வீட்டுல அவ இல்ல. கோலம் போடப் போயிருப்பான்னு நெனைச்சேன். டீக்கடை மாடியில குழாயக் கட்டி ஆறு மணிக்கு உக்காந்துட்டேன். தெருவுல ஒரு குருவி இல்ல. ஆறேகால் ஆச்சு, ஆறரை ஆச்சு. வடக்குத் தெரு நீளத்துக்கும் வெறும் வாசல். எவனும் வரல. எனக்குப் புரிஞ்சு போச்சு, எல்லாம் அவ தூண்டிவிட்டது.

சரி, வராதவன் பேரைத்தான வாசிக்கணும்? எல்லார் பேரையும் வாசிப்போம்னு நோட்டைத் திறந்தேன். "ஒண்ணாம் நம்பர் வீடு, ஆள் வரவில்லை." எங்கேயோ தூரத்துல ஒரு சிரிப்பு கேட்டுச்சு. "ரெண்டாம் நம்பர் வீடு, ஆள் வரவில்லை." திரும்பவும் சிரிப்பு. அடுத்த தெருவுல ஏதோ விசேசம் போலன்னு நெனைச்சுக்கிட்டு வாசிச்சுக்கிட்டே போறேன். நான் ஒரு நம்பர் சொன்னதும் ஒரு சிரிப்பு, இன்னொரு நம்பர் சொன்னதும் இன்னொரு சிரிப்பு. நாப்பது வரைக்கும் வாசிச்சேன். தொண்டை கட்டிட்டு. டீக்கடைக்காரன் கீழ இருந்து, "அண்ணாச்சி, எல்லாரும் பின்னால வாய்க்கால்ல நிக்காவ"ன்னான்.

மைக்க அணைச்சிட்டு நடந்தேன். தெருவுக்குப் பின்னால, எங்க வாருகால் எல்லாம் போயி விழுத எடத்துல ஒரு வாய்க்கால் உண்டு. ஆகாயத்தாமரையும் பாலித்தீன் பையுமா அடைஞ்சு கெடக்கும். மழைத் தண்ணி தெருவுக்குள்ள ஏறுததுக்குக் காரணமே அந்த அடைப்புதான்னு உலகம்மா ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கா. பொம்பளைக அவகிட்ட சொல்லியிருக்காவ. நான்தான், அங்க குழாய் சத்தம் கேக்காது, ஆளுகளை யாரு கவனிக்கதுன்னு வேண்டாம்னேன். மொதல்ல தெரு சுத்தமாகட்டும்னு சொன்னேன்.

அங்க நிக்காவ அண்ணாச்சி, எல்லாரும். இடுப்பளவு சகதியில ஆம்பளைக. கரையில பொம்பளைக வரிசையா நின்னு கூடைய கை மாத்தி கை மாத்தி விடுதாவ. ஆவுடையப்பன் மூட்டு வலியோட ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து கயித்துக்கு முடிச்சுப் போடுதாரு. எண்ணிப் பாத்தேன். பழக்கம். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை எண்ணினேன். அறுபத்தோரு வீடு. ஒரு வீடு குறையல. ஒண்ணரை வருசமா மைக்குல கத்திக் கத்தி அம்பத்தி நாலைத் தாண்ட முடியாதவன் அண்ணாச்சி நான்.

மீரான் பாய்தான் சகதிக்குள்ள நின்னுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. "நீங்க ஒவ்வொரு நம்பரா வாசிக்க வாசிக்க, அந்தந்த வீட்டுக்காரவுக இங்க 'உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா'ன்னு சொன்னோம் மச்சான். சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு." எங்கிட்டயே சொல்லுதாரு. நானும் சேந்து சிரிப்பேன்னு நெனைச்சிருப்பாரு போல.

அந்தப் புள்ள செண்பகம், அதுவும் நிக்குது. சேலைய ஏத்திச் சொருகிக்கிட்டு, முழங்கை வரைக்கும் சகதி. அதுவும் சிரிக்குது. எனக்கு எப்படி இருக்கும்? நான் கூப்பிட்டதுக்குத்தான இத்தனை ஆர்ப்பாட்டம்? இப்ப ஊருக்கு நடுவுல வந்து நிக்கலையா? நான் சொன்னதத்தான செஞ்சிருக்கு? அதுக்கு ஒரு நன்றி உண்டா? என்னைப் பாத்ததும் சிரிப்ப நிறுத்திட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு.

அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல உலகம்மா. எங்க வீட்டு ஆளா அவ வந்திருக்கா. நான் கரையில நிக்கேன், புது வேட்டியோட. எல்லாரும் பாத்தாவ. யாரும் திட்டல. போன்னு சொல்லல. அண்ணாச்சி, யாராவது ஒருத்தன் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டி, சண்டை போட்டு, அப்படியே உள்ள எறங்கியிருப்பேன். வாங்கன்னும் யாரும் சொல்லல. கூடை ஒரு கை விட்டு ஒரு கை போய்க்கிட்டே இருக்கு, நான் நிக்க எடத்தச் சுத்திக்கிட்டுப் போகுது.

உலகம்மாதான் தலை நிமிந்து பாத்தா. கோவமா இல்ல. ரொம்ப சாதாரணமா, "காப்பி போட்டு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். போயிக் குடிங்க"ன்னா.

போயிக் குடிச்சேன். ஆறாம இருந்துச்சு. சக்கரை எனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு இருந்துச்சு. அதைத்தான் அண்ணாச்சி என்னால தாங்க முடியல.

அதுக்கப்புறம் மூணு வாரம் ஆச்சு. வீட்டுல சண்டையா? ஒண்ணும் கெடையாது. வேளைக்குச் சோறு போடுதா. துணி தொவைச்சு வைக்கா. சாயந்தரம் ஆனா கண்ணாடிய மாட்டிக்கிட்டு மனுவ எல்லாம் எடுத்து வச்சு, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கா. எங்கிட்ட ஒரு தாளைக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்?"னு கேப்பாளான்னு பாக்கேன். கேக்க மாட்டேங்கா. தெரியலன்னா செயல் அலுவலர்கிட்ட போன்ல கேக்கா. போன வாரம் நல்ல மழை. தெருவுக்குள்ள ஒரு சொட்டு நிக்கல. எல்லாரும் வாசல்ல நின்னு தண்ணி ஓடுதத வேடிக்கை பாத்தாவ. மருந்துக்குக்கூட ஒருத்தன் சங்கரலிங்கம் ஆரம்பிச்சு வச்சதுன்னு சொல்லல. கவுன்சிலரம்மா, கவுன்சிலரம்மாங்காவ. எங்க வீட்டு வாசல்ல நின்னே சொல்லுதாவ.

இந்தா வாரது ஆகஸ்டு மொத ஞாயிறு. தெருக்கடைசி அடிகுழாயப் பழுது பாத்து மேடை கட்டப் போறாவளாம். வீட்டுக்கு வீடு போயிச் சொல்லிக்கிட்டு இருக்காவ. எங்க வீட்டுல யாரும் வந்து சொல்லல. எதுக்குச் சொல்லணும்? எங்க வீட்டு ஆளுதான சொல்லப் போறதே!

சரி, இப்ப பேனாவ எடுங்க. அனுப்புநர், சு. சங்கரலிங்கம், இருபத்தி ஒண்ணு, வடக்குத் தெரு, வெள்ளாங்கரை. எழுதிட்டியளா? எதிர்மனுதாரரா? ச. உலகம்மாள், ஆறாவது வார்டு உறுப்பினர். முகவரி... மேற்படி முகவரின்னே போடுங்க. என்ன அப்படிப் பாக்கிய? ஒரே வீடுதான்.

புகார் என்னன்னா, நம்பிக்கைத் துரோகம். அப்படி ஒரு சட்டம் இல்லையா? இருக்கணுமே அண்ணாச்சி. சரி, வேண்டாம், அதை விடுங்க. கோரிக்கை மட்டும் எழுதுங்க.

கோரிக்கை... தீர்மானத்த ரத்து பண்ணணுமாவா? வேண்டாம். மைக்கு வேண்டாம். குழாயக் கழத்திக் கடையில போட்டுட்டேன். பதவியா? எனக்கு என்ன பதவி இருக்கு, அவளுக்குத்தான இருக்கு. இப்படி எழுதுங்க. 'மேற்படி வடக்குத் தெருப் பொது வேலைக்கு மனுதாரரையும் கூப்பிட வேண்டும்.' அவ்வளவுதான். மம்பட்டி மனுதாரர்கிட்டயே இருக்குன்னும் சேத்துக்கிடுங்க. நேத்துதான் வாங்கினேன்.

இதுக்கெல்லாம் கலெக்டர் உத்தரவு போட மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசம் மனுவுக்குப் பதில் எழுதினவன் நான். இந்தத் தாளு எங்க போகும்னு நான் சொல்லுதேன், கேளுங்க. உள்ள வாங்கி, நம்பர் போட்டு, சீல் குத்தி, பேரூராட்சிக்கு அனுப்புவாவ. செயல் அலுவலர் பாப்பாரு. 'வார்டு உறுப்பினரின் கருத்து கோரப்படுகிறது'ன்னு ஓரத்துல எழுதி எங்க வீட்டுக்குக் கொடுத்துவிடுவாரு. அவ சாயந்தரம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒரு வரி விடாமப் படிப்பா.

வீட்டுல நேரா சொல்லலாமேங்கிய. அடுப்பங்கரை வாசல் வரைக்கும் மூணு நாள் போயிட்டேன் அண்ணாச்சி. "என்ன வேணும்?"னு கேக்கா. "தண்ணி வேணும்"னு வாங்கிக் குடிச்சிட்டு வந்துருதேன்.

எழுதிட்டியளா? கொடுங்க, கையெழுத்துப் போடுதேன். இங்கன வேண்டாம், மேல போடுதேன். கீழ கொஞ்சம் எடம் இருக்கட்டும். அவ கருத்து எழுதணும்லா.